ருக்மணி சிஸ்டரும் விட்டுச்சென்றவர்களின் மீன்களும்

செய்தி வேலியோரமாக வந்தது. காலையில் நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு சலோட்டே, இந்தத் தீவின் பூர்வகுடிப் பெண், எங்கள் வேலிக்கு வெளியே வந்து நின்றார். "பூலா, டீச்சர்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி தம் மொழியில் வணக்கம் சொல்லிக் கூப்பிடுவது அவர் வழக்கம். அன்று கூப்பிடவில்லை. நான் சன்னல் வழியே பார்க்கும்வரை காத்திருந்து, இந்த ஊரில் நாங்கள் எல்லோரும் பேசிக்கொள்ளும் ஹிந்தியில், "டீச்சர், சிஸ்டர் எழுந்திரிக்கல. டீ கொண்டுபோனேன். கை சில்லுன்னு இருக்கு" என்றார்.

அடுப்பை அணைத்தேன். துவைத்த புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். சமையல் புடவையோடு ருக்மணி சிஸ்டரின் வாசலை நான் ஒருநாளும் மிதித்ததில்லை. அன்றும் மிதிக்கவில்லை. அவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். மருத்துவமனைக் கட்டிலைப்போல விரிப்பின் மூலைகளைத் தம் கையாலேயே மடித்துச் செருகியிருந்தார். ஒரு மடிப்பும் கலையவில்லை. எண்பதைக் கடந்தவர், யாருக்கும் வேலை வைக்காமல் தூக்கத்திலேயே போய்விட்டார்.

லம்பாசாவிலும் கடல் கடந்த ஊர்களிலும் அவரை அறிந்தவர்கள் நிறையப் பேர். அறியாத பிள்ளைகள் அதைவிட நிறைய. கருமாதியன்று கோயிலில் கொடுக்கும் சிறு நினைவு மலருக்கு என்னை எழுதித் தரச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் எழுதினால் எல்லோரும் படிப்பார்கள் என்றும் சொன்னார்கள். நான் கன்னியர் மடப் பள்ளியில் படித்தவள். ஆங்கிலம் எனக்குச் சிரமம் இல்லை. ஆனால் சிஸ்டரும் நானும் பேசியது தமிழ். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்லட்டும். அவர் பேரைச் சொல்லிக் கொஞ்சநேரம் சேர்ந்து உட்கார்ந்ததாகவும் இருக்கும்.

ருக்மணி சிஸ்டர் பிறந்தது எங்கள் தீவுநாட்டின் பெரிய தீவில், லௌடோக்காவை அடுத்த சவேனியில். கரும்பு போட்ட குடும்பம்; பாட்டனார் மதராசிலிருந்து கூலிக் கப்பலில் வந்தவர். அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் தாதிப் பயிற்சிக்குத் தலைநகர் சுவாவுக்குப் போனது அந்தக் காலத்தில் பெரிய பேச்சு. பயிற்சி முடிந்ததும் லம்பாசா சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்த நாகையாவுக்கு வாழ்க்கைப்பட்டு, நசியாவில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்தார். நானும் அப்போது புது மருமகள். ஒருவரையொருவர் முதலில் தலையிலிருந்து கால்வரை பார்த்துக்கொண்டோம். அவர் என் கைவிரல் நகங்களைப் பார்த்தார். என்னைப் படிக்கவைத்த கன்னியாஸ்திரீகளும் அப்படித்தான் பார்ப்பார்கள். நகம் சுத்தமாக இருந்ததால் என்னோடு பேசலாம் என்று முடிவு செய்ததாகப் பின்னால் சொன்னார்.

அவர் என்னை "டீச்சர்" என்றே கூப்பிட்டார். நான் அவரை "சிஸ்டர்" என்றேன். வாழ்நாள் முழுவதும் அதை நாங்கள் மாற்றிக்கொள்ளவில்லை. நெருக்கமானால் மரியாதையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் பழக்கமில்லை.

அவர் வேலை பார்த்த லம்பாசா மருத்துவமனை வார்டில் அவரிடம் அடங்காதவர் யாரும் இல்லை. பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தால் பெரிய மனிதர்களும் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவருக்கு அவர் மனைவி முந்தானைக்குள் லட்டு கொண்டுவந்தபோது நானே அங்கே இருந்தேன். சிஸ்டர் அந்த அம்மாளின் கையைப் பிடித்துப் பொட்டலத்தை வெளியே எடுத்தார்.

"பாக்க வந்தியாம்மா, புருஷன பொட்டலம் கட்ட வந்தியா?"

"ஆசையா கேட்டாரு சிஸ்டர்."

"கேக்கத்தான் செய்வாரு. நானுந்தான் மகாராணி மாதிரி பல்லக்கு கேக்கறேன். யாரு தராங்க?"

வார்டே சிரித்தது, வியாதிக்காரர் உட்பட. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தக் கண்டிப்பை அவர் வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுவர வெகுகாலம் பிடித்தது.

அவர் கொல்லையில் பாதி நிலத்துக்குள் இறங்கிய சிமெண்டுத் தொட்டி ஒன்று உண்டு. தண்ணீர்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் நாகையா அண்ணன் கட்டியது. குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வரத் தொடங்கியபின் அதில் மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு பிடித்தது. ஊரில் டெங்கு வந்த வருடம், "நா வார்டுல ஊசி போடறேன், என் வீட்டுக் கொல்ல கொசு வளக்குதா?" என்று சொல்லி, புழுவைத் தின்ன நாலைந்து தங்கமீன்களை வாங்கி விட்டார் சிஸ்டர். ஓரத்தில் அல்லிக் கிழங்கு ஒன்றையும் சட்டியில் வைத்து இறக்கினார். தொட்டி குளமாயிற்று. தண்ணீர் தெளிவாக இருந்தது. மாலையில் ஆலையின் கரும்புப்பாகு வாசனையில் நாங்கள் இருவரும் அதன் விளிம்பில் உட்கார்ந்து தேநீர் குடிப்போம்.

பிறகு எண்பத்தேழாம் வருடம் வந்தது. ராணுவம் ஆட்சியைப் பிடித்ததை நான் பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் வானொலியில் கேட்டேன். எங்கள் தெருவில் யாரும் இந்திய வம்சத்தவர்களான எங்களை அடிக்கவில்லை. சலோட்டேயின் கணவர் சில வாரங்கள் தினமும் சாயங்காலம் தெருமுனையில் வந்து சும்மா நின்றுகொண்டிருப்பார். எதற்கென்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் இந்த நாடு யாருடையது என்று வானொலியில் கேட்ட பேச்சு போதுமாயிருந்தது. படித்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சிஸ்டரின் ஒரே மகன் மோகன் அரசாங்க அலுவலகத்தில் இருந்தவன். மனைவி குழந்தையோடு அவன் சிட்னிக்குப் புறப்பட்டான்.

மோகன் தன் அறையில் கண்ணாடித் தொட்டியில் ஒரு தங்கமீன் வளர்த்துவந்தான். உடல் சிவப்பு, வால் மட்டும் வெள்ளை. விமானத்துக்குப் போகிற அன்று காலையில் அதைக் கொண்டுவந்து கொல்லைக் குளத்தில் விட்டான்.

"பாத்துக்கம்மா. ரெண்டு வருஷம். நெலம சரியானதும் வந்துடுவேன்."

"நீ வரும்போது அப்படியே திருப்பித் தரேன், போ" என்றார் சிஸ்டர்.

இந்த வாக்குதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். செய்தி எப்படிப் பரவியதோ தெரியாது. அடுத்து ஆக்லாந்துக்குப் போனவர்கள் தங்கள் மீனைப் பாலிதீன் பையில் கட்டிக் கொண்டுவந்தார்கள். அதற்கடுத்து வான்கூவருக்குப் போனவர்கள் ஜாம் பாட்டிலில் கொண்டுவந்தார்கள். வீட்டை விற்றார்கள், மாட்டை விற்றார்கள், சாமி படத்தைத் தங்கைக்குக் கொடுத்தார்கள். மீனை விற்க மனம் வரவில்லை; பெட்டியில் வைக்கவும் முடியாது. விமானநிலையத்துக்குப் போகும் வழியில் காரை எங்கள் தெருவில் நிறுத்தி, "சிஸ்டர், வரவரைக்கும்" என்பார்கள். சிஸ்டர் இரு கையாலும் வாங்கிக்கொள்வார். "வாங்க, இங்கயே இருக்கும்" என்பார். ஒரு குடும்பம் சமையலுக்கு வளர்த்த திலாப்பியாவையே கொண்டுவந்துவிட்டது.

"சிஸ்டர், அடுத்தது மாட்ட ஓட்டிட்டு வருவாங்க. அதையும் குளத்துல எறக்குவீங்களா?" என்று கேட்டேன்.

"மாடு நீந்துமா டீச்சர்?" என்றார் முகத்தைச் சுளிக்காமல்.

நடுவில் நாகையா அண்ணன் மாரடைப்பில் போனார். சில வருடங்களில் என் கணவரும் போனார். அன்று எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருக்க, சிஸ்டர் ஒரு கிண்ணத்தோடு வந்து, "அழறத அப்புறம் அழுவீங்களாம். இப்ப ஒரு வாய் கஞ்சி" என்றார். குடித்தேன். என்னை அதட்டுகிறவர் ஒருவராவது மிச்சம் இருக்கிறார் என்பது அந்த வேளையில் பெரிய ஆறுதலாயிருந்தது.

இரண்டாயிரத்தில் மறுபடி துப்பாக்கி வந்தது. நாடாளுமன்றத்துக்குள்ளேயே ஆட்களைப் பிடித்து வைத்தார்கள். இந்தமுறை, முன்பு போகமாட்டேன் என்றவர்களும் போனார்கள். குத்தகை முடிந்து நிலம் போன கரும்புக்காரர்கள், கடைக்காரர்கள், என்னோடு வேலை செய்த ஆசிரியர்கள். குளத்துக்கு மீன் வந்துகொண்டே இருந்தது.

மீன் மட்டும் வந்திருந்தால் ஒருவேளை சமாளித்திருக்கலாம். மீனைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். போனவர்களின் அண்ணன், அத்தை, மச்சான் என்று இங்கே தங்கிவிட்டவர்கள். சிட்னியிலிருந்து தொலைபேசி வரும்: "இன்னிக்கு பிள்ளைக்கு பொறந்தநாளு, நம்ம மீனுக்கு ஏதாச்சும் போட்டுட்டு வா." உடனே மாமன் பொரியும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள் திரும்பும் வழியில் பால் ஊற்றினார்கள். ஒரு அம்மாள் பாயசம் ஊற்றினார். இன்னொருவர் விளிம்பில் மஞ்சள் தடவிச் சூடம் ஏற்றினார். பேரப்பிள்ளையைக் கையில் எடுக்க முடியாதவர்கள் அந்தப் பிள்ளையின் மீனுக்கு ஊட்டிவிட்டுப் போனார்கள். அவர்களைத் தடுக்க, வார்டில் மணி அடித்த அந்தக் கை எழும்பவில்லை.

தண்ணீர் பச்சையாயிற்று. முதலில் லேசாக, பிறகு கொத்தமல்லித் துவையலைக் கரைத்துவிட்டதுபோல. கையை விட்டால் முழங்கைக்குக் கீழே விரல் தெரியாது. சுவரெல்லாம் மயிர்போல நீளப் பாசி தொங்கியது.

நாங்கள் இருவருமே சுத்தத்தில் பிடிவாதக்காரிகள். அதுவே முதல் தவறுக்குக் காரணம். வார்டைக் கழுவுவதுபோலக் குளத்தைக் கழுவிவிடுவது என்று சிஸ்டர் முடிவு செய்தார். மீன்களைப் பீப்பாய்களில் மாற்றிவிட்டு, தண்ணீர் முழுவதையும் இறைத்து, சிமெண்டை வெளுப்புத்தூள் போட்டுத் தேய்த்து, புதுக் குழாய்த் தண்ணீர் நிரப்பினோம். கண்ணாடிபோல இருந்தது. "இதான் டீச்சர் குளம்" என்று இடுப்பில் கைவைத்து நின்றார். குழாய்த் தண்ணீரின் மருந்து தாங்காமல் சில மீன்கள் செத்தன. மற்றவை பிழைத்தன. ஆனால் ஒரு வாரம் போவதற்குள் தண்ணீர் முன்னைவிட அடர்த்தியாகப் பச்சைகட்டியது. பாசியை அடக்கிவைக்கும் கண்ணுக்குத் தெரியாத நல்ல அழுக்கு ஒன்று சுவரில் படிந்திருக்கும், அதையும் சேர்த்துக் கழுவிவிட்டோம் என்பது எங்களுக்குப் பின்னால்தான் புரிந்தது.

அதன்பிறகு படிப்படியாகக் கற்றுக்கொண்டோம். தண்ணீரை முழுதும் மாற்றாமல் வாரத்துக்குக் கால்பங்கு மட்டும், அதையும் பீப்பாயில் ஒருநாள் ஆறவைத்து ஊற்றினோம். சொரசொரப்பான கொய்யாக் குச்சியை விட்டுத் திருகினால் நீளப் பாசி நூல்கண்டுபோலச் சுற்றிக்கொண்டு வரும். அதைக் கத்தரிப் பாத்திக்குப் போட்டோம். பாத்தியிலிருந்து கோழி எரு மழையில் குளத்துக்குள் வழிவதைக் கண்டுபிடித்து நடுவில் வரப்பு கட்டினோம். குளிர்நாடுகளில் வாற்கோதுமை வைக்கோலைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் பாசி குறையும் என்று சிஸ்டர் ஏதோ பத்திரிகையில் படித்திருந்தார். வாற்கோதுமைக்கு நாங்கள் எங்கே போவது? ட்ரெகேட்டியில் நெல் போடும் பெருமாள் என்பவர் அவரிடம் முன்பு வைத்தியம் பார்த்துக்கொண்டவர். அவர் நெல் வைக்கோலைப் பேருந்துக் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்தார். வெங்காயச் சாக்கில் தளர்வாக அடைத்து மிதக்கவிட்டோம்.

"மாட்டுக்குத்தான் வெக்கோல்னு நெனச்சேன். இப்ப மீனும் திங்குதா?" என்று பெருமாள் கேட்டார்.

"திங்கல பெருமாளு. மீனுக்கு மெத்த" என்றார் சிஸ்டர்.

எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உதவின. தண்ணீர் வெளுக்கவில்லை.

பாதி மீன்களையாவது கொடுத்துவிடுங்கள் என்று நான் மாதக்கணக்கில் சொல்லிவந்தேன். "எப்படிக் குடுக்கறது டீச்சர்? திருப்பித் தரேன்னு வாக்கு குடுத்துருக்கேன். நாளைக்கு வந்து கேட்டா?" என்பார். ஆற்றில் விட்டுவிடலாம் என்று ஒருமுறை சொன்னேன். அதற்கு சலோட்டே முந்திக்கொண்டார்: "ஆத்துல வேணாம் டீச்சர். அங்க இருக்கறது எங்க மீனு. இதுங்க போனா அதுங்க கெட்டுப்போகும்." அதுவும் நியாயம்தான்.

மோகன் மாதம் ஒருமுறை தொலைபேசியில் பேசுவான். பேச்சு எப்போதும் ஒரே மாதிரி முடியும். "அடுத்த கிறிஸ்துமஸுக்கு நிச்சயமா வரேம்மா. என் மீனு எப்படி இருக்கு?" சிஸ்டர், "இருக்கு, வா" என்பார். அந்தக் கிறிஸ்துமஸ் வரும், போகும். அவன் வருவதாகச் சொன்ன தேதி நெருங்கும்போதெல்லாம் அவன் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் கூப்பிடுவார். என் மகளும் ஆக்லாந்தில் இருக்கிறாள். எனக்கும் அந்தத் தேதிகள் தெரியும். ஆனால் நான் வெள்ளையடித்ததில்லை.

சில நாட்கள் காற்றே இல்லாமல் மேகம் மூடிப் புழுங்கிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு விடியற்காலையில் சிஸ்டர் என் சமையலறைச் சன்னலைத் தட்டினார். ஓடினேன். குளத்தில் அத்தனை மீனும் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. சில ஏற்கெனவே சாய்ந்துவிட்டன. இரவெல்லாம் பாசியும் மீனும் சேர்ந்து தண்ணீரில் இருந்த மூச்சைக் குடித்துத் தீர்த்திருந்தன. சிஸ்டர் புடவையைச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கிவிட்டார். நானும் சலோட்டேயும் வாளியில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். அப்படி ஊற்றினால் காற்று கலக்கும் என்று அவர்தான் சொன்னார். வெயில் நன்றாக ஏறும்வரை நிறுத்தவில்லை. பிறகு மீன்கள் மெல்லக் கீழே இறங்கின.

சிஸ்டர் செத்த மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து விளிம்பில் வைத்தார். எது எந்த வீட்டுடையது என்று அவருக்குத் தெரியும். "இது வான்கூவர். இது அந்த தையக்கார வீடு." பிறகு இடுப்பளவு பச்சைத் தண்ணீரில் நின்றபடியே பேசினார்.

"டீச்சர், இத்தன நாளா நாம பாசிக்கு வைத்தியம் பாத்தோம்."

"பின்ன வேற எதுக்குப் பாக்கறது?"

"பாசி வியாதியே இல்ல. காச்சல் மாதிரி அது. உள்ள வேற ஒண்ணு இருக்குன்னு காட்டுது. பத்துக் கட்டில் போடற வார்டுல அம்பது பேர படுக்கவெச்சு, வரவங்க எல்லாம் வாயில சோறு திணிச்சா என்ன ஆகும்? மூச்சு முட்டும்."

"அப்ப?"

"டிஸ்சார்ஜ் பண்ணணும்."

நானும் இதைத்தான் சொல்லிவந்தேன். ஆனால் நான் சொன்னபோது அது வெறும் மீன் கணக்கு. அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் அதன் எடை எனக்குத் தெரிந்தது. ஒரு மீனைப் பிறருக்குக் கொடுப்பதென்றால், அதை விட்டுச் சென்றவர்கள் திரும்ப மாட்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்வது. அதை அவர்களிடமே சொல்ல வேண்டும். அவர்களில் ஒருவன் அவருடைய மகன்.

பெருமாளுக்குச் சொல்லி அனுப்பினார். அவருடைய வயலுக்குப் பக்கத்தில் அகலமான குட்டை இருந்தது. சில நாளில் பெருமாள் மூடிபோட்ட பிளாஸ்டிக் வாளிகளோடு வந்து நின்றார். சிஸ்டர் வலையைப் போட்டு முதலில் எடுத்தது சிவப்பு உடலும் வெள்ளை வாலுமாக, கையளவுக்கு வளர்ந்திருந்த மீன்.

நான் பொறுக்க முடியாமல், "சிஸ்டர், அது மோகனோடது" என்றேன்.

"தெரியும். அதான் மொதல்ல."

"அத மட்டுமாவது வெச்சுக்கக்கூடாதா? ஒரு மீனால என்ன கெட்டுது?"

"அவன் வரமாட்டான் டீச்சர்." வலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எம் புள்ள வரமாட்டான்னு நானே சொல்லாம, மத்தவங்க கிட்ட எந்த மொகத்தோட சொல்றது?"

பெருமாள் வாளியை நீட்டவே தயங்கினார். சிஸ்டர் அவரை அதட்டினார்: "புடி பெருமாளு, மூச்சு முட்டுது அதுக்கு."

அன்று மாலையே தொலைபேசியில் எல்லோரையும் கூப்பிடத் தொடங்கினார். முதலில் மோகன். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். மீன் ட்ரெகேட்டிக்குப் போய்விட்டது என்றார். மறுமுனையில் அவன் குரல் எனக்கே கேட்டது.

"அப்ப நா வரமாட்டேன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"

"நீ முடிவு பண்ணி ரொம்ப நாளாச்சுப்பா. நா இப்பத்தான் பண்றேன்."

"நீ என்னை அனுப்பிவெச்சிட்டம்மா" என்று சொல்லி வைத்துவிட்டான். சிஸ்டர் தொலைபேசியைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தார். அடுத்த எண்ணைச் சுழற்றினார்.

மற்றவர்களில் சிலர் கோபித்தார்கள். "நாங்க செத்துட்டோமா சிஸ்டர்?" என்று ஒருவர் கேட்டார். சிலர் அழுதார்கள். வான்கூவரில் ஒரு பெண் செத்துப்போன தன் மீனைப் பற்றிக் கேட்டுவிட்டு, "ஒவ்வொரு தடவ உங்ககிட்ட பேசறப்பவும் வரேன்னு பொய் சொல்லணுமேன்னு பயந்துதான் ஆன்ட்டி நா கூப்பிடவே இல்ல" என்றாள். அன்றிலிருந்து அவள் மாதாமாதம் பேசினாள்.

மீன்கள் போயின. பெருமாளின் குட்டைக்கு, பள்ளிக்கூடங்களுக்கு, சலோட்டேயின் மகள் வீட்டுத் தொட்டிக்கு. எல்லாமே இங்கே இருக்கிறவர்களுக்கு. கொஞ்சம்தான் மிச்சம் வைத்தார். கொல்லைக் கதவில் வார்டு மணி ஒன்றைத் தொங்கவிட்டார். "பாக்க வாங்க. எவ்வளவு நேரம் வேணாலும் உக்காருங்க. கையில மட்டும் ஒண்ணும் கொண்டுவராதீங்க" என்றார். பால் சொம்போடு வந்தவர்கள் அந்தப் பாலில் அவர் போட்ட தேநீரைத் தாங்களே குடித்துவிட்டுப் போனார்கள். ஞாயிறு காலையில் அவரே ஒரு சிட்டிகை தீனி போடுவார். சில வாரங்களில் அல்லி இலை பரந்து பாதித் தண்ணீருக்கு நிழல் தந்தது. ஒருநாள் காலையில் தொட்டியின் அடி தெரிந்தது. வைக்கோல் எவ்வளவு உதவியது, நெரிசல் குறைந்தது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

மோகன் பேசவில்லை. கிறிஸ்துமஸ் போனது. முதல்முறையாகச் சிஸ்டர் அந்த அறைக்கு வெள்ளையடிக்கவில்லை. அதில் தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டார். மகனை இழந்துவிட்டாரோ என்று நான் பயந்தேன், அவரும் பயந்தார்.

அடுத்த கரும்பு வெட்டுக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கூப்பிட்டான். வருவேன் என்று சொல்லவில்லை. அன்று அங்கே தானே பருப்பு வேகவைத்ததையும், அது அடிப்பிடித்ததையும் சொன்னான். குக்கரில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டான். சிஸ்டர் கிண்டல் செய்து சிரித்தார். அவர்கள் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு வாராவாரம் பேசினான். வருகிறேன் என்று சொல்வதை நிறுத்தியவன், யாரும் எதிர்பாராத ஒரு ஜூலையில் விடுமுறைக்கு வந்து நின்றான். தையல் இயந்திரத்தை ஓரம் தள்ளி விருந்தாளியாகப் படுத்துக்கொண்டான். பின்னும் சிலமுறை வந்தான். ஒருதடவை பேருந்தேறி ட்ரெகேட்டிக்கும் போய்வந்தான். அங்கே என்ன பார்த்தான் என்று நாங்கள் கேட்கவில்லை.

பிறகும் ஒரு ஆட்சிக் கவிழ்ப்பு வந்தது. இன்னும் சிலர் போனார்கள். அவர்களும் வாசலில் காரை நிறுத்தினார்கள். சிஸ்டர் அவர்களுக்குத் தேநீர் கொடுத்தார், கட்டிக்கொண்டார், மீனை மட்டும் வாங்கவில்லை. "அத இங்க இருக்கற யாருக்காச்சும் குடுத்துட்டுப் போ கண்ணு. நீ போற எடத்துல நல்லா இரு" என்பார். அவரையும் சிட்னிக்குக் கூப்பிட்டார்கள். ஒருமுறை போய், ஒரு குளிர்காலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "நல்ல ஊரு. எல்லாரும் நல்லா இருக்காங்க. நா இங்க இருக்கேன்" என்றார். இந்த மூன்று வாக்கியங்களையும் ஒரு குறையும் இல்லாமல் சேர்த்துச் சொன்னவரை நான் வேறு யாரையும் அறியேன்.

மோகன் இறுதிச் சடங்குக்கு வந்திருந்தான். தலை நரைத்துவிட்டது. எரியூட்டிய மறுநாள் காலையில் அவன் கொல்லையில் நிற்பதைப் பார்த்து நானும் போனேன். அந்தத் துக்க நாட்களில் குளத்தை யாரும் கவனிக்கவில்லை. சுவரில் மெல்லிய பாசி படர்ந்திருந்தது. அந்த அளவுக்குப் பாசி குளத்துக்கு நல்லது. தண்ணீர் அடிவரை தெரிந்தது. அல்லி இலைகளுக்குக் கீழே விரல் நகத்தளவு குஞ்சுகள் கூட்டமாகத் திரும்பின. இன்னும் சிவப்பு ஏறாத, மண்ணின் நிறம்.

"இதெல்லாம் யாரு விட்டுட்டுப் போனது, ஆன்ட்டி?" என்று கேட்டான்.

"யாரும் விட்டுட்டுப் போகல" என்றேன். "இங்கயே பொறந்தது."

அவன் குந்தி உட்கார்ந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிஸ்டர், போகிறவர்களை முகம் கோணாமல் வழியனுப்ப எங்களுக்குக் காட்டிக்கொடுத்தவர் நீங்கள். எனக்கு அது இன்னும் சரியாக வரவில்லை. ஆனாலும் உங்களைப் பிடித்துவைக்க மாட்டேன். நிம்மதியாகப் போங்கள். நாங்கள் இங்கே இருக்கிறோம்.